"சொல்றாங்களா, கேக்குறாங்களா?": மாநகர் கழகமும் நாமும் பேசிக்கொள்ளும் விதம்

மலேசியாவின் பினாங்கில், எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவர்தான் எங்களுக்கு நாளிதழ். தண்ணீர் நிறுத்தம், கொசுப்புகை அடிக்கும் நாள், உடைந்த சோபாவை மாடிப்படியில் போடாதீர்கள் என்ற கெஞ்சல், தைப்பூசத்துக்கு எந்தெந்தச் சாலை மூடப்படும் என்ற பட்டியல், எல்லாம் அங்கேதான் ஒட்டப்படும். ஒருநாள் மேல்மாடிப் பாட்டி கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுக் கீழே இறங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி, என்னமோ புதுசா ஒட்டியிருக்காங்க, படிச்சுச் சொல்லுய்யா" என்றார். நிலத்தை எங்கெங்கே எதற்குப் பயன்படுத்துவது என்ற வரைவுத் திட்டம் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், இன்ன தேதிவரை பார்க்கலாம் என்று அதில் இருந்தது. மலாயிலிருந்து தமிழில் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்மகிட்ட சொல்றாங்களா, நம்மளக் கேக்குறாங்களா?"

ஊராட்சி, அதாவது உள்ளூர் நிர்வாக விஷயத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி எனக்கு அகப்படவில்லை. அந்தக் காலத்தில் ஊரில் தண்டோரா போடுவார்கள். பறையடித்து, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நின்று பதில் கேட்பது தண்டோராக்காரரின் வேலை இல்லை. ஆலமரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டு, "நீ என்னப்பா சொல்றே?" என்று கேட்பது வேறு. இன்றைய மாநகர் கழகம் இரண்டையும் செய்கிறது. தண்டோரா தினமும் நடக்கிறது, ஊர்க்கூட்டம் எப்போதாவது நடக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைத் தாளில், ஒரே சின்னத்துடன் வருவதால் எது எது என்று நமக்குத் தெரிவதில்லை. அதைப் பிரித்தறியத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடுவோம். பினாங்கில் இரண்டு ஊராட்சி மன்றங்கள். தீவுக்குப் பினாங்கு மாநகர் கழகம், பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் கழகம். முன்னது 2015-இலும் பின்னது 2019-இலும் நகராண்மைக் கழகம் என்ற நிலையிலிருந்து மாநகர் ஆயின. குப்பை எடுப்பது, சாலையோர வடிகால், அங்காடிக் கடை உரிமம், பொதுச்சந்தை, பூங்கா, கட்டட அனுமதி, கார் நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் இவர்கள் கையில். கோலாலம்பூரில் குப்பையை அள்ள மத்திய அரசின் சட்டப்படி தனி நிறுவனம் உண்டு. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேராததால் இங்கே அது இன்றும் மாநகர் கழகங்களின் பொறுப்பு. ஆகவே ஒரு சராசரி நாளில், வேறெந்த அரசாங்கத்தையும்விட ஊராட்சி மன்றத்தோடுதான் நமக்கு உறவு அதிகம். அதைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு மட்டும் நம்மிடம் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அங்கே வார்டு உண்டு, வார்டு கவுன்சிலருக்கு ஓட்டு உண்டு. இங்கே மேயரையும் கவுன்சிலர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. மேயரைத் தவிர எட்டுப் பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மேற்படாமல் கவுன்சிலர்கள் இருக்கலாம் என்கிறது 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். மலேசியாவில் பலரும் சுருக்கமாகச் 'சட்டம் 171' என்று சொல்வது இதைத்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவில் முதன்முதலாக ஊராட்சித் தேர்தல் நடந்த ஊர் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன்தான், 1951 டிசம்பரில். 1957 ஜனவரி 1-ஆம் தேதி அது மாநகரானது. அதன் தொடக்கக் கால மேயர்களில் ஒருவர் டி. எஸ். ராமநாதன். அவர் பெயரில் நகருக்குள் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு கதை. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவரும் தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் பரிந்துரை. ஆனால் 1976-இல் வந்த சட்டம் தேர்தலை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பினாங்கு மாநில அரசு 2012-இல் தன் பங்குக்கு ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், ஓட்டு இருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அவர்கள் நம் வாசலுக்கு வர வேண்டியிருக்கும். ஓட்டு இல்லாதபோது, நம் பேச்சு அவர்கள் காதில் விழ வேறு வழிகள் வேண்டும். அந்த வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன, ஆனால் அவை வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கதவுகள் அல்ல. இந்தத் தேதியில் திறந்து அந்தத் தேதியில் மூடும் ஜன்னல்கள். அவற்றுக்கு வருவதற்கு முன் தண்டோராவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சொல்வது

மாநகர் கழகம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் முடிவானபின் சொல்வது. பேஸ்புக் பக்கம், இணையதளம், சுவரொட்டி, வரி ரசீதோடு வரும் துண்டறிக்கை, சாலையில் கட்டும் பதாகை எல்லாம் இந்த வகை. மாநில அரசு 'புலெட்டின் முத்தியாரா' என்ற இதழைப் பல மொழிகளில் இலவசமாக வெளியிடுகிறது. 'முத்துச் செய்திகள்' என்ற பெயரில் வருவது அதன் தமிழ்ப் பதிப்பு. அதிலும் செய்தியும் அறிவிப்பும்தான் அதிகம்.

இதைக் குறைத்துச் சொல்லவில்லை. நன்றாகச் சொல்வதும் ஒரு கலைதான். 2009-இல் பினாங்கில் திங்கட்கிழமைகளில் மட்டும் கடைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்தார்கள். 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் கிடையாது, வேண்டுமென்றால் 20 சென் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். முதலில் முணுமுணுத்தோம். அப்புறம் பையைக் கையோடு எடுத்துப் போகப் பழகினோம். அது மெதுவாக, ஒரு கிழமையில் தொடங்கி, திரும்பத் திரும்பச் சொன்னதன் பலன். 2016 ஜூனில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயமானபோதும் உடனே அபராதத்தில் இறங்கவில்லை, பழக அவகாசம் கொடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் பாட்டியின் கேள்விப்படி பார்த்தால் இரண்டும் 'சொல்றாங்க' பக்கம்தான்.

புகார்

நம் பக்கத்திலிருந்து நாம் பேசுவதில் முக்கால்வாசி புகார். மலாயில் 'அடுவான்'. தெருவிளக்கு எரியவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது, பக்கத்துக் காலி நிலத்தில் புல் இடுப்புயரம். போன், வாட்ஸ்அப், இணையப் படிவம், நேரில் போவது என்று எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். நம் ஆட்கள் பெரும்பாலும் இதையும் தாண்டி, நேரே சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே தமிழில் பேசலாம், டீயும் கிடைக்கும். தப்பில்லை. ஆனால் அவர்களும் கடைசியில் அதே மாநகர் கழகத்துக்குத்தான் கடிதம் எழுதுவார்கள்.

புகார் பலிக்காமல் போவதற்கு முதல் காரணம், ஆள் மாறிப் போவது. குழாய்த் தண்ணீர் என்றால் பினாங்கு நீர் விநியோக வாரியம். மின்வெட்டு என்றால் தெனாகா நேஷனல். ஆற்றில் குப்பை மிதந்தால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. பெரிய சாலைகள் பல பொதுப்பணி இலாகாவுடையவை, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் உள்சாலைகள் மாநகர் கழகத்துடையவை. பினாங்குப் பாலத்தில் குழி விழுந்தால் அதற்கு நெடுஞ்சாலை நிறுவனம் வேறு. ஒரே சந்திப்பில் நின்று பார்த்தால், காலுக்குக் கீழே இருக்கும் தார் ஒருவருடையது, அதன் அடியில் ஓடும் குழாய் இன்னொருவருடையது, தலைக்கு மேல் போகும் கம்பி மூன்றாமவருடையது. குடிமகனுக்கு எல்லாம் 'கவர்மெண்டு'தான். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது காரணம் விவரம் போதாதது. "எங்க ரோட்டுல லைட் எரியல" என்பதைவிட, சாலைப் பெயர், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, கம்பத்தில் எழுதியிருக்கும் எண், பகலில் எடுத்த ஒரு படம், இரவில் எடுத்த ஒரு படம் என்று கொடுத்தால் வேலை செய்ய வருகிறவர் தேட வேண்டியதில்லை. கொடுத்தபின் புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் கிணற்றில் போட்ட கல். எண் இருந்தால், "இந்த எண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று இரண்டு வாரம் கழித்துக் கேட்கலாம். அதே பிரச்சினைக்குப் பத்து வீட்டிலிருந்து பத்துப் புகார் போனால், வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் திட்டுவதைவிட அதிகம் நகரும்.

ஆனால் புகார் என்பது பங்கேற்பு இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். அடைத்த வடிகாலைத் திறக்கச் சொல்வது புகார். அந்த இடத்தில் வடிகால் இத்தனை அகலத்தில் வேண்டுமா, பக்கத்து நிலத்தில் இருபது மாடி எழுந்தால் அது தாங்குமா என்று முடிவெடுக்கும்போது நம் குரலும் இருப்பது பங்கேற்பு. முன்னதைச் செய்வதில் நாம் கெட்டிக்காரர்கள். பின்னதற்கு அழைப்பு வந்தால் கடிதத்தைப் பிரிக்கக்கூட மாட்டோம்.

'நாம்' என்று சொல்லி ஒளிந்துகொள்ள வேண்டாம், என் கதையையே சொல்கிறேன்.

கேட்பது: தேதி போட்ட ஜன்னல்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டின் மதிப்பைத் திருத்துகிறார்களாம். அரசாங்கக் கடிதம் என்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில், பழைய கரண்ட் பில்களோடு பத்திரமாகப் போட்டுவிடுவோம். அப்படியே போட்டேன். அடுத்த வரி ரசீது வந்தபோது தொகை கூடியிருந்தது. கோபமாகக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தால், ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருந்தது. அது போய் நாலு மாதம் ஆகியிருந்தது. யாரையும் நோக முடியாது, அவர்கள் கேட்டார்கள், நான் இழுப்பறையில் பதில் சொன்னேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் 'சுக்காய் பிந்து' என்றும் வீட்டு வரி என்றும் சொல்லும் மதிப்பீட்டு வரி வருடத்துக்கு இரண்டு தவணை. முதல் தவணையைப் பிப்ரவரி முடிவதற்குள்ளும் இரண்டாவதை ஆகஸ்டு முடிவதற்குள்ளும் கட்ட வேண்டும். நில வரி இதுவல்ல, அது மாநில நில அலுவலகத்துக்குப் போவது. மதிப்பீட்டு வரியின் கணக்கு எளிது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடுவார்கள். அதுதான் ஆண்டு மதிப்பு. அதன்மேல் ஒரு விழுக்காடு வரி. உதாரணத்துக்கு மாத வாடகை 600 ரிங்கிட் பெறும் வீடென்றால் ஆண்டு மதிப்பு 7,200. விழுக்காடு 6 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 432 ரிங்கிட், தவணைக்கு 216.

புதிய மதிப்புப் பட்டியல் தயாரானதும் மாநகர் கழகம் அதைப் பற்றி அறிவித்து, திருத்தம் செய்யும் நாள் ஒன்றையும் குறிக்கும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக, எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது சட்டம் 171. கொடுத்தால் அதைப் பரிசீலித்தாக வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம்வரை போகலாம். எதை எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "விலைவாசி ஏறிப்போச்சு, கட்ட முடியல" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஆட்சேபத்துக்கான காரணம் அதுவல்ல. "இதே தாமானில் இதே அளவு வீடு இவ்வளவு வாடகைக்குத்தான் போகிறது, நீங்கள் போட்ட மதிப்பு கூடுதல்" என்பது காரணம். இரண்டு பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சே வேறு.

இரண்டாவது ஜன்னல் இதைவிடப் பெரியது. பாட்டி பார்த்த நோட்டீஸ் அதுதான். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்று ஒன்று, அதுவும் 1976-இல் வந்தது, சட்டம் 172. அதன்படி ஓர் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் தயாரிப்பார்கள். எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது திடல், எங்கே எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்பதெல்லாம் அதில் வரைபடமாக இருக்கும். வரைவை நான்கு வாரத்துக்குக் குறையாமல் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்தோ ஆட்சேபமோ எழுதித் தரலாம். வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை, வாடகைக்கு இருப்பவரும் தரலாம். நேரில் வந்து பேச விரும்புகிறேன் என்று குறிப்பிட்டால், விசாரணைக் குழு அழைத்துக் கேட்கும்.

வரைபடத்தைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். நூறு நிறம், ஆயிரம் எண். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். உங்கள் வீட்டைக் கண்டுபிடியுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி, நீங்கள் போகும் கோவில், பந்து விளையாடும் திடல், இந்த நாலு இடமும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். நம் கோவில்கள் பல தலைமுறைகளுக்கு முன் தோட்டத்து நிலத்திலும் ரயில்வே நிலத்திலும் எழுந்தவை. நிலப்பட்டா ஒன்று சொல்லும், ஊர் வழக்கம் ஒன்று சொல்லும். வரைபடத்தில் அந்த இடம் 'வணிகம்' என்றிருந்தால் அதைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். இடிக்க இயந்திரம் வந்து நிற்கும் காலை வேளை அல்ல.

மூன்றாவது ஜன்னல் மிகச் சிறியது, 21 நாள். உள்ளூர்த் திட்டம் இன்னும் நடப்புக்கு வராத இடத்தில், யாராவது கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி கேட்டால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மாநகர் கழகம் எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். கவனியுங்கள், உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவருக்குக் கடிதம் வராது. இன்னொன்றும் உண்டு. அனுமதி கொடுத்தபின் அதை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டுமென்றால், முன்பே ஆட்சேபம் சொன்ன பக்கத்து உரிமையாளராக இருக்க வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். அப்போது சும்மா இருந்துவிட்டு இப்போது அந்த வாசலில் போய் நிற்க முடியாது.

சரி, உள்ளூர்த் திட்டம் நடப்புக்கு வந்துவிட்ட இடத்தில்? அங்கே பக்கத்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டிய அந்தக் கட்டாயம் இல்லை. ஏனென்றால் திட்டம் போடும்போதே உங்களைக் கேட்டாகிவிட்டது என்பது சட்டத்தின் நினைப்பு. நீங்கள் அந்த நான்கு வாரமும் கேமரன் மலைக்குப் போயிருந்தீர்களா, பிள்ளைக்குப் பரீட்சையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே சிறிய ஜன்னல் மூடிக்கொள்வதே பெரிய ஜன்னல் ஒருமுறை திறந்ததனால்தான். லிஃப்ட் சுவரில் அந்த ஒரு தாள்மட்டும் மற்ற தாள்களைவிட ஏன் கனம் என்று இப்போது புரியும்.

எந்தத் தாள் கனமானது என்று பார்த்ததும் கண்டுபிடிக்க, மலாய்ச் சொற்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 'பந்தாஹான்' என்றால் ஆட்சேபம். 'மக்லும் பாலாஸ்' என்றால் கருத்து, எதிர்வினை. 'செலேவாட்-லேவாட்ஞா' என்றால் கடைசியாக இந்த நாளுக்குள். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அது கேட்கும் தாள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவை ஒன்றும் இல்லாமல் 'மக்லுமான்' என்று மட்டும் தலைப்பில் இருந்தால், அறிவிப்பு. படித்துவிட்டு மாடிக்குப் போகலாம்.

கேட்டபின் என்ன செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. கேட்பதில் பல படிகள் உண்டு. 1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படிகளில் மக்களைக் கூட்டி உட்காரவைத்துத் தலையாட்ட வைப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஆறுதலுக்கு ஓரிரண்டு இடம் தருவது. மேற்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் பங்கு வருகிறது. நடுப்படிகளிலேயே நின்றுவிட்டு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் வைப்பது எங்கும் நடக்கிற ஒன்று. மண்டபத்தில் மீஹூனும் தேநீரும் கொடுத்து, ஒரு மணி நேரம் படம் காட்டி, கடைசிப் பத்து நிமிடத்தில் "கேள்வி இருக்கிறதா?" என்று முடிக்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மீஹூன் நன்றாகத்தான் இருந்தது.

மேற்படிக்குப் பக்கத்தில் போன முயற்சி ஒன்றும் பினாங்கிலேயே நடந்தது, அதைப் பலர் அறியவில்லை. பங்கேற்பு வரவுசெலவு என்பது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் தொடங்கிய வழக்கம். நகரத்தின் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே வாக்களித்து முடிவு செய்வது. 2012 முதல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், அன்றைய இரண்டு நகராண்மைக் கழகங்களோடும் சேர்ந்து, பெண்களின் தேவையையும் கணக்கில் கொண்ட இப்படியொரு வரவுசெலவு முறையை இங்கே சோதித்துப் பார்த்தது. தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பு, பெருநிலத்தில் அம்பாங்கான் மக்கள் வீடமைப்பு என்று மலிவு விலை அடுக்குமாடிகளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்தார்கள். பிறகு ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். அப்புறம் குடியிருப்பாளர்களே வாக்களித்து எது முதலில் என்று முடிவு செய்தார்கள்.

தனித்தனியாக உட்காரவைத்ததுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். எல்லாரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தால் யார் பேசுவார் என்று நமக்குத் தெரியாதா? முன்வரிசை ஐயா பேசுவார், சங்கத் தலைவர் பேசுவார், பார்க்கிங் பற்றிப் பேசுவார்கள். லிஃப்டுக்குள் விளக்கில்லாததால் இரவு வேலை முடிந்து தனியாக ஏறப் பயப்படும் பெண் பின்வரிசையில் மௌனமாக இருப்பாள். கேட்பது என்பது கதவைத் திறந்து வைப்பதோடு முடிவதில்லை, யார் உள்ளே வந்து எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதும் கேட்பதில் சேர்ந்ததுதான்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோலாலம்பூரில் ஓர் உதாரணம். அங்கே நிலைமை நம்மைவிட இறுக்கம். கவுன்சிலர்களே கிடையாது, மேயருக்கு ஓர் ஆலோசனை வாரியம் மட்டும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் உயர்மாடிகள் கட்ட மாநகராண்மைக் கழகம் அனுமதி கொடுத்தது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பின் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஆட்சேபம் சொன்னவர்களுக்குக் காரணம் சொல்லவும் மாநகராண்மைக் கழகம் கடமைப்பட்டிருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில் வந்த முக்கியமான செய்தி. அதை அங்கிருந்த நண்பர் ஒருவர் போனில் சொன்னபோது, "அப்ப சும்மா 'கிடைத்தது, நன்றி'ன்னு பதில் போட முடியாதுல்ல?" என்று சிரித்தார்.

தகவல் கேட்டுப் பெறுவதிலும் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாநிலத்துக்கென்று இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்று 2015 முதல் நடப்பில் இருக்கிறது. சிலாங்கூரையும் பினாங்கையும் போல முதலிலேயே இப்படிச் சட்டம் இயற்றிய மாநிலங்கள் இல்லை. படிவம் நிரப்பி, கட்டணம் கட்டிக் கேட்கலாம். ரகசியம் என்று முத்திரை குத்தியது கிடைக்காது. இருந்தாலும் ஆட்சேபம் எழுதுவதற்கு முன் கையில் ஆவணம் இருப்பது நல்லதுதானே.

கடைசியாக, கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்தாத ஒரு கதவு. மாநகர் கழகத்தின் முழுக்கூட்டம் மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். அது பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது, மூடிய கூட்டமாக நடத்த அவர்களே தீர்மானம் போட்டால் ஒழிய. இதுவும் சட்டம் 171-இல் இருப்பதுதான். உட்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. போனால் பேச முடியாது, உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் எந்தக் கவுன்சிலர் வாயைத் திறக்கிறார், யார் நம் பகுதிப் பெயரைச் சொல்கிறார், யார் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அடுத்தமுறை ஆட்சேபக் கடிதத்தின் நகலை யாருக்கு அனுப்புவது என்பதும் தெரியும்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "நான் வரேன் தம்பி, கூட்டிட்டுப் போ" என்றார். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காலர் வைத்த சட்டை, முழுக்கால்சட்டை, ஷூ. ஜப்பான் சிலிப்பரோடு போனால் வாசலில் இருக்கும் காவலரே உங்களுக்குத் தனியாக ஓர் அறிவிப்புச் செய்துவிடுவார்.